யார் பக்கமும் சாயாமலா, கூட்டாளியோடு சேர்ந்தா?

பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வெளியுறவுக் கொள்கை என்றதும் வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மச்சானோதான் நினைவுக்கு வருவார்கள். இந்தியா எந்த வல்லரசின் அணியிலும் சேராத பழைய அணிசேரா வழியில் போக வேண்டுமா, தேவைக்கேற்ப நாடுகளோடு நெருங்கிக் கூட்டுச் சேரும் புது வழியில் போக வேண்டுமா என்ற விவாதத்தை அதனால் 1990-லிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆகஸ்டில் ஈராக் அதிபர் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தார். இந்தியா உரக்கக் கண்டிக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் நேரே போய் சதாமைப் பார்த்தார். இருவரும் கட்டித் தழுவியதை உலகமே குறை சொன்னது. ஆனால் 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். ஈராக் தலைநகர் பாக்தாத்தில் கதவு திறந்தது பல ஆண்டுப் பழக்கத்தால்தான். அணிசேரா மரபின் பலன் என்று இதைத்தான் முதலில் சொல்வேன். குவைத்துக்கு வெகுகாலம் மனத்தாங்கல் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மரபைப் புகழ்கிறவர்கள் 1956-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது. சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் படையெடுத்த பிரிட்டனையும் பிரான்ஸையும் கடுமையாகக் கண்டித்த இந்தியா, ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது தயங்கியது. படைகள் வெளியேறவும், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடக்கவும் கேட்ட தீர்மானத்தை எதிர்த்தே வாக்களித்தது. அப்போது மாஸ்கோவில் நம் தூதர் கே.பி.எஸ். மேனன், பிற்காலத்தில் இங்கே பக்கத்து ஒற்றப்பாலத்தில் வாழ்ந்தவர்.

அவருடைய பேரன் சிவசங்கர் மேனன் வெளியுறவுச் செயலராக இருந்தபோதுதான், 2008-ல், அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தானது. மரபுக்கு விரோதம் என்று இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். கேரளத்தில் அந்தச் சூடு எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் 1974 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வெளிநாடுகள் நமக்கு மூடிய அணு எரிபொருள் கதவு திறந்தது அந்த நெருக்கத்தால்தான். சும்மா நடுவில் நின்றிருந்தால் அது கிடைத்திருக்காது. சரி, அதனால் இந்தியா அமெரிக்க அணியில் சேர்ந்துவிட்டதா என்றால், இல்லை. 2018-ல் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளுக்கு ஒப்பந்தம் போட்டது.

ஆயுதம், எரிபொருள், தொழில்நுட்பம் என்று வந்தால் புது வழியே மேல். வெளிநாட்டில் நம் ஆட்கள் சிக்கிக்கொள்ளும் நாளில் பழைய வழிதான் கைகொடுக்கும். எங்கள் ஊர்க்காரனாக நான் அதன் பக்கமே நிற்பேன். ஒரே ஒரு நிபந்தனை: வாக்களிக்காமல் விலகி நின்றாலும் வாய் மூடி நிற்கக் கூடாது. 2022 மார்ச்சில், உக்ரைனுக்குள் ரஷ்யா படையெடுத்ததைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தில் 141 நாடுகள் ஆதரிக்க, விலகி நின்ற 35-ல் நாமும் ஒன்று. ஆனால் அடுத்த மாதமே உக்ரைனின் புச்சா நகரில் நடந்த படுகொலையை ஐ.நா.விலேயே கண்டித்து, தனி விசாரணை வேண்டும் என்றோம். ஹங்கேரி விஷயத்தில் ஐ.நா.வில் நம் குரல் அப்படித் தெளிவாக ஒலிக்கவில்லை.