பேஸ்பால் முதல் ஐந்து இன்னிங்ஸ் பந்தயத்தில் 2,840 டாலர் போச்சு, நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நேற்று இரவு பதினொரு மணிக்கு ஒரு பந்தயத் தளத்தில் என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். 2,840 டாலர். தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். இங்கே 2018 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படியே நடக்கிறது. பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸுக்கும் (ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒரு முறை மட்டை பிடிக்கும்) கட்டாமல் முதல் ஐந்துக்கு மட்டும் கட்டலாம். ஐந்து முடியும்போது எந்த அணி முன்னால் இருக்கிறதோ அதோடு கணக்குத் தீர்ந்தது. கடைசியில் வரும் மாற்று பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கப்போகும் பிட்சர் யார் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அவரை நம்பித்தான் கட்டுகிறோம். இந்தப் பந்தயமே அந்த ஒரு ஆள் மேல்தான்.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இந்தத் தளத்தைக் காட்டினார். வெளிநாட்டில் பதிவான தளம், கிரிப்டோவில்தான் பணம் போட வேண்டும். "மூணு மாசமா ஆடுறேன் தம்பி, கேட்ட அன்னைக்கே பணம் வந்துடும்" என்றார். முதலில் 100 டாலர் போட்டேன். நாலு நாளில் 260 ஆனது. 160 எடுக்கக் கேட்டேன், இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அந்த 160 டாலரில்தான் விழுந்தேன். மறுநாளே 2,900 போட்டேன்.

போடுவதற்கு முன்னால் தளத்தின் உதவி சாட்டில் கேட்கவும் செய்தேன்: தொடக்க பிட்சர் மாறினால் பந்தயம் என்னாகும்? "ரத்தாகும், முழுப் பணமும் திரும்ப வரும்" என்று பதில் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்!

ஒரு பிட்சர் பெயரைப் பார்த்து 1,200 டாலர் கட்டினேன். ஆட்டம் தொடங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது முதுகுப் பிடிப்பு என்று அவரை விலக்கிவிட்டார்கள். நான் பதறவில்லை, பணம்தான் திரும்பி வந்துவிடுமே. ஆனால் பந்தயம் அப்படியே நின்றது. சாட்டில் கேட்டால், "ஆட்டம் முடியட்டும், தானாகச் சரியாகும்" என்றார்கள். பதிலுக்கு வந்த பிட்சர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே நாலு ரன் கொடுத்தார். ஐந்து முடிந்தபோது 5-1. என் 1,200 தோற்றதாகக் காட்டியது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் ஆள் மேலாளரிடம் அனுப்புகிறேன் என்றார். இரண்டாவது ஆள், முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். மூன்றாவது ஆள் விதிமுறையில் ஒரு வரியை ஒட்டினார்: பிட்சர் மாறினாலும் பந்தயம் செல்லும். யார் வீசினாலும் செல்லும் என்று சில இடங்களில் கட்டலாம்தான், ஆனால் பிட்சர் மாறினால் விலையையும், அதாவது ஜெயித்தால் கிடைக்கும் தொகையின் விகிதத்தையும், மாற்றும் இடங்கள் உண்டு. இவர்கள் விலையை அப்படியே வைத்துக்கொண்டு பணத்தை விழுங்கினார்கள். நான் படித்தபோது அந்த வரி இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

சரி, மிச்சம் இருக்கும் 1,800 டாலரையாவது எடுப்போம் என்று கேட்டேன். பாஸ்போர்ட் படம் கேட்டார்கள், கொடுத்தேன். மின்கட்டண ரசீது, கொடுத்தேன். நான்கு நாள் "பரிசீலனையில்". பிறகு, சரிபார்ப்புக்காக 360 டாலர் புதிதாகப் போட்டால்தான் 1,800 விடுவிப்போமாம். என் பணத்தைத் தர என்னிடமே பணம்! முடியாது என்று எழுதினேன். கணக்கு பூட்டு. வந்த 160 போக, போனது 2,840 டாலர்.

வங்கியில் கேட்டேன். கிரிப்டோவில் போனதை அவர்களால் திருப்ப முடியாதாம். அந்த அண்ணனுடைய பணமும் உள்ளேதான் மாட்டியிருக்கிறது, அவரும் பாவம்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மாநில அரசின் உரிமப் பட்டியலில் பெயர் இல்லாத தளத்தில் ஒரு டாலர்கூடப் போடாதீர்கள். நான் அதை இன்று காலைதான் பார்த்தேன், இவர்கள் பெயர் இல்லை. பிட்சர் மாறினால் என்ன, ஐந்து இன்னிங்ஸ் முடிவில் சமநிலை என்றால் என்ன, மழையால் நின்றால் என்ன, மூன்றையும் விதியிலேயே படித்துப் படம் எடுத்து வையுங்கள். சாட்டில் சொல்வது செல்லாது. எடுப்பதற்காகப் போடச் சொன்னால் போடாதீர்கள்.

பாஸ்போர்ட் படம் வேறு அவர்களிடம் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.