தோட்டத்துக்கு ஆபத்து நேரத் தொடர்பு: எதற்குக் காசு போடலாம்?

ஆபத்து நேரத்தில் எல்லோருக்கும் எப்படிச் செய்தி சொல்வீர்கள் என்று தேயிலைத் தோட்ட நிர்வாகமோ, பாடசாலையோ, கோயில் சபையோ, யாரைக் கேட்டாலும் "வாட்ஸ்அப் குரூப் இருக்கே" என்பதுதான் முதல் பதில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது இலங்கை மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போயின. கரண்ட் போனால் டவர் பற்றரியில் சில மணிநேரம் ஓடும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். அந்தப் பாதையிலோ மண் விழுந்து கிடக்கும். அதனால் கரண்டும் டவரும் இல்லாதபோது அடுத்த லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) செய்தி போகுமா என்பதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றும் பார்க்கப்படுகிறது.

வாட்ஸ்அப் அமைதியான நாளுக்கு நல்லது, ஆபத்து நேரத்தில் இரண்டாம்பட்சம். டேட்டா இல்லாவிட்டால் செத்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: உங்கள் நம்பரை போனில் பதியாதவருக்கு அந்தச் செய்தி போகவே போகாது.

எஸ்.எம்.எஸ். இதைவிடத் திடமானது. சிக்னல் மங்கலாக இருந்தாலும் நுழையும், போன் அணைந்திருந்தால் காத்திருந்து மறுபடி முயலும். சிக்கல் தமிழில்தான். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு 5 எழுத்தான 'மண்சரிவு' 8 இடம் பிடிக்கும். "மண்சரிவு அபாயம். 3ம், 4ம் லயம் உடனே பாடசாலைக்குப் போங்க. நேரம் 4.10" என்பது 67. இதற்கு மேல் "அன்பார்ந்த தோட்ட மக்களே" என்று தொடங்கினால் செய்தி இரண்டாக உடையும், செலவும் இரட்டிக்கும். மொத்தமாக அனுப்பும் சேவை எடுப்பவர்கள் வாசகங்களை முன்பே எழுதிச் சேமித்து, அனுப்புநர் பெயரையும் மழைக்காலத்துக்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள்.

டிவிஷனுக்கும் பெரிய ஆபிசுக்கும் இடையே வாக்கி டாக்கிக்குத்தான் நம் ஓட்டு. டவரே வேண்டாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டரை நம்பாதீர்கள், அது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒரு மேடு நின்றால் 5 வாட் செட்டும் அரைக் கிலோமீட்டரில் ஊமையாகலாம். மேட்டில் ஒருவரை நிறுத்தி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைத்தால் போதும். கைசெட்டோடு வரும் கட்டை ஏரியலை நீளமானதாக மாற்றினாலும் வித்தியாசம் தெரியும். பழுது என்று திருப்பிக் கொடுக்கப்படும் செட்டுகளில் பலவற்றில் பழுதே இருக்காது: ஒரு செட்டில் டோன் கோட் (ஒரே குழுச் செட்டுகள் மட்டும் கேட்க வைக்கும் குறியீடு) மாறியிருக்கும், அல்லது ஸ்குவெல்ச் (இரைச்சலை அடைக்கும் அமைப்பு) அளவு கூடி மெல்லிய சத்தத்தை அடைத்திருக்கும். பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "நாலாம் லயம்" என்பது "லாம் லயம்" என்றுதான் போய்ச் சேரும். சார்ஜர் 12 வோல்ட்டிலும் வேலை செய்ய வேண்டும், லொறி பற்றரியில் போடலாம். மழைக்கு ஐ.பி.67 தரம் (தண்ணீரும் தூசும் புகாதது) பாருங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் விளையாட வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியோடுதான் அலைவரிசை பாவிக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று சீனத்து செட்டை வாங்கி இஷ்டத்துக்கு அலைவரிசை போடுவது குற்றம். அனுமதியையும் சேர்த்து எடுத்துத் தரும் விற்பனையாளரிடமே போங்கள்.

செயற்கைக்கோள் வழி இன்டர்நெட்டான ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கைக்கு வந்தது. பெரிய ஆபிசுக்கு, வைத்தியசாலைக்குச் சரி. சாதாரண டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும், சின்ன டிஷ்ஷான மினி 25 முதல் 40. பாதி மட்டும் வடிய விட்டால் 12 வோல்ட் 100 ஏ.எச். பற்றரியில் மினி ஒரு இரவு தாங்கும். வானம் திறந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில், சவுக்கு மர நிழலில் வைத்தால் விட்டு விட்டு அறுபடும்.

கடைசியாக, குறைந்த காசில் அதிகம் பயன் தருவது: கையால் சுற்றும் சங்கு (சைரன்). கரண்ட், சிம், பற்றரி எதுவும் வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் அம்ப்ளிஃபையர் இருந்தால் கோயில் குழாய் ஸ்பீக்கரும் இதே வேலையைச் செய்யும், ஆளை ஆளாகப் பெயர் சொல்லியும் கூப்பிடலாம். சங்கின் எதிரி தகரக் கூரை. கொட்டும் மழையில் காம்பராவுக்குள் (லயத்து வீட்டு அறைக்குள்) எதுவும் கேட்காது. ஆகவே வெயில் நாளில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், மழை கொட்டும்போது கடைசி லயத்தில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். கேட்கவில்லையா, இரண்டாவது சங்கு வாங்குங்கள். ஓசையும் பெரட்டுச் சங்கிலிருந்து (காலையில் வேலைக்குக் கூப்பிடும் சங்கிலிருந்து) வேறுபட வேண்டும்: ஒரு நிமிடம் விடாமல் ஊதினால் வெளியேறு, மூன்று சின்ன ஊதல் என்றால் ஒன்றுகூடு.

எப்போது சுற்றுவது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் கவனம், செம்மஞ்சள் தயார், சிவப்பு வெளியேற்றம். 24 மணிநேரத்தில் 75, 100, 150 மி.மீ. மழை என்பவை அதற்கான அளவுகள். ஒரு மழைமானி வைத்தால் தோட்டத்திலேயே பார்த்துவிடலாம். சிவப்பு வந்தும் துரையின் (தோட்ட மேலாளரின்) உத்தரவுக்குக் காத்திருக்கும் ஏற்பாடு வேண்டாம். சங்கு சுற்றும் அதிகாரத்தை லயத்திலேயே குடியிருக்கும் இரண்டு பேருக்கு எழுத்தில் கொடுங்கள். 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய நம்பரும் அந்தக் கடதாசியிலேயே இருக்கட்டும். சங்கை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டாமல் பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) சுவரில் மாட்டுங்கள்.