ரேஸ் கோர்ஸிலிருந்து கிளம்பிய குண்டுவீச்சு விமானம்: 1/72 பிளெனிம் கிட் எப்படி?

பிளாஸ்டிக் விமான கிட் ஒட்டுகிற பழக்கம் உள்ளவர்களில் பலர் ஸ்பிட்ஃபயரில் தொடங்கி ஸ்பிட்ஃபயரிலேயே நின்றுவிடுகிறார்கள். வீட்டில் இடம் உள்ளவர்கள் லங்காஸ்டர் வாங்குவார்கள். பிரிஸ்டல் பிளெனிம் என்ற பிரித்தானியக் குண்டுவீச்சு விமானத்தைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. நான் தேடிப் போனதற்குக் காரணம் கொழும்பு 7இல் இருக்கிறது. இன்று கடைகளும் காப்பிக் கடைகளும் ரக்பி மைதானமுமாக இருக்கிற ரேஸ் கோர்ஸ், 1942இல் ஒரு விமானத்தளம். குதிரை ஓடிய திடலில் அவசரமாக ஓடுதளம் போட்டார்கள். அங்கே நின்றவைதான் பிரித்தானிய விமானப்படையின் 11ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமான அணியின் பிளெனிம்கள்.

கம்பனியின் பெயரை எழுதினால் அந்தக் கம்பனியின் ரசிகர்களும் மற்றக் கம்பனிகளின் ரசிகர்களும் சேர்ந்து சண்டைக்கு வருவார்கள், எனக்கு அது வேண்டாம். 1/72 அளவு (உண்மையானதில் 72இல் ஒரு பங்கு), நீள மூக்கு மார்க் 4 வகை, கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் சாம்பல் பிளாஸ்டிக். இவ்வளவு போதும். லண்டனில் இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். பெட்டி இடத்தைப் பிடிக்கிறது என்று அதை அங்கேயே எறிந்துவிட்டு, பாகங்கள் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டங்களான ஸ்ப்ரூக்களை இரண்டு சேர்ட்டுக்குள் சுற்றி எடுத்து வந்தவர் அவர். ஆகவே பெட்டிப் படத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சேர்ட் நல்ல சேர்ட், ஒரு பாகமும் முறியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அளவு சரி. உண்மையான விமானத்தின் சிறகு அகலம் 17 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒட்டி முடித்தபின் அடிமட்டம் வைத்துப் பார்த்தால் 24 சென்ரிமீற்றருக்கு ஒரு மயிரிழை குறைவு. பனல் கோடுகள் நிதானமாக வெட்டப்பட்டிருக்கின்றன, உழவு சால் மாதிரி ஆழமில்லை. இரண்டு சிறகையும் தாங்குகிற குறுக்குச் சட்டம் உடலுக்குள்ளாலேயே போகிறது. அதனால் சிறகு தொங்குமோ என்ற கவலை இல்லை. எஞ்சின் மூடிகளில் மட்டும் கொஞ்சம் சாண்ட் பேப்பர் வேலை இருக்கிறது. மெர்க்குரி எஞ்சினின் ஒன்பது சிலிண்டர்களும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு வார்ப்பு சுத்தம். ஆனால் மூடியைப் பொருத்திய பிறகு அதை எவரும் பார்க்கப்போவதில்லை. இந்தப் பொழுதுபோக்கே அப்படித்தான்.

சிக்கல் மூக்கில் தொடங்குகிறது. பிளெனிம் மார்க் 4இன் மூக்கு சமச்சீராக இருக்காது. குட்டை மூக்கு மார்க் 1இல் வழிகாட்டிக்கு இடம் போதவில்லை என்று மூக்கை நீட்டினார்கள். நீட்டியதும் இறங்கும்போது விமானிக்கு முன்னால் ஓடுதளம் தெரியவில்லை. ஆகவே விமானி இருக்கும் இடது பக்கத்தை மட்டும் மேலிருந்து குழித்துவிட்டார்கள். பார்க்க ஒரு பக்கம் கடித்த மாம்பழம் போல இருக்கும். கிட்டில் அந்தக் குழிவு அழகாக வந்திருக்கிறது. ஆனால் கண்ணாடி இடமும் வலமுமாக இரண்டு துண்டு. இரண்டும் சேர்கிற கோடு சரியாகக் குழிவின் விளிம்பிலே போகிறது. அங்கே புட்டி வைத்தால் கண்ணாடி கெடும், வைக்காவிட்டால் இடைவெளி தெரியும். சூப்பர் குளூவைத் தொடவே வேண்டாம், கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். பைண்டர் கம்மைத் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிய தூரிகையால் கோட்டின் நீளத்துக்கு ஓடவிட்டு, காய்ந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். பிசினே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். கண்ணாடிச் சட்டங்களுக்கு நிறம் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்க, அளவாக வெட்டிய மாஸ்க் தனியாக விற்கிறார்கள். காசைப் பார்க்காமல் வாங்குங்கள்.

உள்ளே மூன்று பொம்மைகள் வருகின்றன: விமானி, வழிகாட்டி, வயர்லெஸ்காரர். மூன்றாமவரே முதுகுக் கோபுரத்தின் துப்பாக்கிக்காரரும். வழிகாட்டியே குண்டு போடுகிறவரும். ஆள் குறைவு, வேலை அதிகம். 11ஆவது ஸ்குவாட்ரன் இந்த விமானத்தை வைத்துக்கொண்டு பட்டபாடு கொஞ்சமல்ல. 1939இல் இந்தியாவிலிருந்து சிங்கப்பூர், 1940இல் ஏடன், அங்கிருந்து இத்தாலியக் கிழக்காப்பிரிக்கா மீது தாக்குதல், பிறகு எகிப்து, 1941இல் கிரீஸ். கிரீஸில் ஜெர்மன்காரர் வந்ததும் மிஞ்சியதோடு பின்வாங்க வேண்டியதாயிற்று. குட்டை மூக்கோடு போருக்குப் போனவர்கள், 1942 மார்ச்சில் இலங்கைக்கு வரும்போது நீள மூக்கோடு வந்தார்கள். அதற்குள் விமானம் பழசாகிவிட்டிருந்தது. 1937இல் சேவைக்கு வந்தபோது அந்தக் காலத்து இரட்டைச் சிறகுச் சண்டை விமானங்களைவிட வேகமாகப் பறந்தது என்று பெருமைப்பட்டார்கள். மார்க் 4க்கு மணிக்கு 266 மைல். ஜப்பானியரின் ஸீரோ சண்டை விமானம் மணிக்கு 330 மைலைத் தொடும்.

குண்டறைக் கதவுக்கு வருகிறேன். இந்தக் கிட்டை நான் விரும்பியதும் திட்டியதும் அந்த இடத்தில்தான். கதவுகளைத் திறந்தபடி ஒட்டலாம், மூடியபடியும் ஒட்டலாம் என்கிறது விளக்கத் தாள். திறந்தபடி ஒட்டினால் உள்ளே குண்டுகள் தெரியும், அலுமாரியில் வைக்க அழகு. ஆனால் பறக்கிற நிலையில் வைப்பதென்றால் மூடித்தான் ஒட்ட வேண்டும். பிளெனிமின் குண்டறைக் கதவைத் திறப்பதற்கு விசை கிடையாது, ஹைட்ராலிக்கும் கிடையாது. ரப்பர் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். வழிகாட்டி பொத்தானை அமுக்குவார், குண்டு கொக்கியிலிருந்து கழன்று கதவின் மேல் விழும், அந்தப் பாரத்தில் கதவு திறக்கும், குண்டு வெளியே போகும், கதவு திரும்ப மூடிக்கொள்ளும். கதவு திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கதவுக்குக் கதவு மாறும். மேலே அரை வினாடி பிந்தினால் கீழே எத்தனை யார் தள்ளி விழும் என்பதை யோசித்துப் பாருங்கள். சிறகுக்குக் கீழே விரல் நகம் அளவில் இருக்கிற அந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தது இதைத்தான். ஏனென்றால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி அவர்கள் குறிவைத்தது ஓடிக்கொண்டிருந்த ஒரு கப்பலை.

அதற்கு முந்திய கதை பலருக்குத் தெரியும். பேர்ள் ஹார்பரை அடித்த அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோ, அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுயிகாகு என்ற ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்து சமுத்திரத்துக்குள் வந்தார். ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து போன கற்றலினா என்ற கடல் விமானத்தில் லெனர்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர் அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. ரேஸ் கோர்ஸில் ஓடுதளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து 258ஆவது ஸ்குவாட்ரனின் 14 ஹரிக்கேன் சண்டை விமானங்கள் எழும்பின. 9 அழிந்துபோயின, 5 விமானிகள் இறந்தார்கள். பிளெனிம்கள் அன்று கடலில் கப்பல்களைத் தேடின, அகப்படவில்லை. துறைமுகத்தில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டுப் போனது அந்த நாட்களில்தான்.

9ஆம் திகதி காலை ஜப்பானியர் திருகோணமலையை அடித்தார்கள். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி பற்றி எரிந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி, தன்னில் ஒரு விமானமும் இல்லாமல் அகப்பட்டு 307 பேரோடு மூழ்கியது. அதே காலையில் ஒன்பது பிளெனிம்கள், காவலுக்கு ஒரு சண்டை விமானமும் இல்லாமல், நகுமோவின் கப்பல்களைக் கண்டுபிடித்துத் தலைக்குமேல் போய் நின்றன. பத்தரை மணி இருக்கும். ஹிரியுவில் இருந்தவர்கள் கண்டும் மற்றக் கப்பல்களுக்குச் செய்தி போகவில்லை. 11,000 அடி உயரத்திலிருந்து குண்டுகள் விழுந்தன. பக்கத்தில் தண்ணீர்தான் எழும்பியது, ஒன்றும் படவில்லை. பிறகு சுமார் 20 ஸீரோக்கள். நான்கு பிளெனிம்கள் அங்கேயே விழுந்தன. திரும்பும் வழியில், ஹேர்மிஸை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானங்கள் எதிர்ப்பட்டு ஐந்தாவதையும் வீழ்த்தின. ஒன்பதில் நான்குதான் திரும்பின.

நகுமோவின் விமானந்தாங்கிகள் மீது எதிரி விமானங்கள் கூட்டாக வந்து குண்டு போட்டது அதுதான் முதல் தடவை. எச்சரிக்கை இல்லாமல் தலைக்குமேல் ஆள் வந்து நிற்கலாம் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகுமுன் பசிபிக்கில் மிட்வே சண்டையில் அதே மாதிரி மேலே வந்து நின்றவை அமெரிக்க விமானங்கள். அகாகி எரிந்துபோக நேரே விழுந்த ஒரு குண்டு போதுமாயிருந்தது. இதை வைத்துப் பிளெனிம்காரரின் சாவுக்கு ஒரு பயனைக் கட்டிவிடுகிற எழுத்துகளை நான் வாசித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த விமானத்தை, அந்தக் கதவோடு, காவலின்றி அனுப்பியிருக்கவே கூடாது. அன்று அனுப்ப வேறு விமானம் கையில் இருக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, கிட்டுக்குத் திரும்புவோம். முதுகுக் கோபுரம் அருமை. இரட்டை பிரௌனிங் துப்பாக்கிகள் ஊசி மொத்தத்தில் இருக்கின்றன. அன்று இரண்டு ஸீரோக்களும் விழுந்தன என்பதை நினைத்துக்கொண்டே அவற்றை நிறமடித்தேன். மூக்குக்குக் கீழே இன்னொரு கண்ணாடிக் குமிழ் வருகிறது, அதை முன்பின் மாற்றி ஒட்டிவிடாதீர்கள். அந்தத் துப்பாக்கி பின்பக்கம் பார்த்துச் சுடுவது. வழிகாட்டி முன்னால் இருந்துகொண்டு, முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துக் குறிவைக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே கண்ணாடியைப் பார்த்து மீசை வெட்டுவது கஷ்டம். விளக்கத் தாளில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்பது தெளிவில்லை. தாளின் பெரிய குறை அதுதான்.

டெக்கால் தாளில், அதாவது நனைத்து ஒட்டுகிற குறிகளின் தாளில், வருவன இங்கிலாந்தில் இருந்த ஸ்குவாட்ரன்களின் குறிகள். இலங்கை விமானம் செய்ய வேண்டுமென்றால் விமானப்படையின் வட்டக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துகளை வேறிடத்தில் பார்க்க வேண்டும். பாலைவனத்திலிருந்து வந்த ஸ்குவாட்ரன் என்பதால் நான் மேலே மண் நிறமும் மணல் நிறமும், கீழே நீலமும் அடித்தேன். பச்சைதான் சரி என்று வாதாட வருகிறவர்கள் வரலாம், தேத்தண்ணி தருவேன். கொழும்பு ஈரத்துக்கு ஒரு எச்சரிக்கை: மழை நாளில் வார்னிஷ் அடிக்காதீர்கள், பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். டெக்கால் மட்டும் நம் காற்றில் சுகமாக ஒட்டுகிறது, அவசரமாகக் காய்ந்து சுருளுவதில்லை.

11ஆவது ஸ்குவாட்ரன் 1943இல் பிளெனிமை விட்டு ஹரிக்கேனுக்கு மாறியது. இன்றும் இருக்கிறது, இங்கிலாந்தில் டைஃபூன் சண்டை விமானங்களைப் பறக்கவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கடல்களில் விழுந்து கல்லறையும் இல்லாமல் போன பிரித்தானிய விமானப்படையினரின் பெயர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்துக்குப் போக வேண்டும். சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருப்பவர்கள் முஸ்தபா கடையோடு திரும்பிவிடாமல் ஒருநாள் எம்.ஆர்.டி பிடித்து அங்கேயும் போய் வாருங்கள். சுவர் நிறையப் பெயர்கள், தரைப்படையினரையும் சேர்த்து 24,000க்கு மேல்.

வாங்கலாமா என்றால், முதல் கிட்டாக வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கவும் வேண்டாம், மூக்குக் கண்ணாடியிலேயே பிள்ளை அழுதுவிடும். நாலைந்து கிட் ஒட்டிக் கை பழகினவர்களுக்கு இது நல்ல வேலை. விலையில் குறை சொல்ல முடியாது. தபாலில் எடுத்தால் சுங்கத்தோடு இரட்டிப்பாகும், ஆகவே லண்டனிலிருந்து யாராவது வரும்வரை பொறுங்கள். கதவை மூடி ஒட்டுங்கள். யாராவது 11ஆவது ஸ்குவாட்ரனின் இலங்கைக் குறிகளை டெக்காலாக அச்சடிக்கிறீர்கள் என்றால் எனக்கும் இரண்டு தாள் எடுத்து வையுங்கள், காசு முன்னாலேயே தருகிறேன்.