ஆறு படுக்கைக்காரியின் ஆயுள் சந்தா

தீவிர சிகிச்சை டாக்டர்கள் சங்கம் கொடுத்த ஆயுள் உறுப்பினர் சான்றிதழ் எங்கள் ஐ.சி.யூ. வாசலில், பண்ணாரி அம்மன் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. உள்ளே ஆளைப் படுக்க வைத்திருக்கிறவர்கள் காலண்டரைத்தான் தொட்டுக் கும்பிடுவார்கள். சான்றிதழை இதுவரை ஒரே ஒருத்தர் நின்று பார்த்தார். முழுக்க இங்கிலீஷ் என்றதும் அவரும் நகர்ந்துவிட்டார்.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆறு படுக்கை ஐ.சி.யூ.வைப் பார்த்துக்கொள்கிற மயக்க மருத்துவர் நான். இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தில் சேர்ந்து 11 வருஷம் ஆகிறது. ஐ.எஸ்.சி.சி.எம். என்றால்தான் எங்கள் ஆட்களுக்கே தெரியும். போன வாரம் ஈரோட்டிலிருந்து ஜூனியர் பெண் ஒருத்தி, "ஏனுங்க்கா, காசு கட்டிச் சேர்றதுல ஏதாச்சும் பிரயோசனம் இருக்குதுங்களா?" என்று போனில் கேட்டாள். அப்போது டூட்டியில் இருந்ததால் அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். மீதி இது.

1993இல் மும்பையில் ஆரம்பித்த சங்கம். ஊர் ஊருக்குக் கிளை, வருஷத்துக்கு ஒரு கிரிட்டிகேர் மாநாடு, சொந்தமாக ஓர் ஆய்விதழ். இதழை இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம், அதற்காக மட்டும் சேர வேண்டியதில்லை. மாநாட்டில் பட்டறைகளுக்குப் போனால் கை பழகும். மற்றபடி மாநாட்டுப் பைகள் எங்கள் வீட்டில் சந்தைக்குப் போய்வருகின்றன. சங்கம் நடத்துகிற ஐ.டி.சி.சி.எம். என்ற தீவிர சிகிச்சை டிப்ளமோ, எம்.டி. முடித்தவர்களுக்கான ஒரு வருஷப் படிப்பு. வேலை தேடும்போது அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் டி.எம். மேற்படிப்பு மாதிரி அரசு ஆணையம் அங்கீகரித்த பட்டம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

எனக்கு முதலில் உபயோகப்பட்டது ஒரு வழிகாட்டி. ஐ.சி.யூ.க்களை மூன்று தரமாகப் பிரித்து, எதற்கு என்னென்ன வேண்டும் என்று சங்கம் எழுதி வைத்திருக்கிறது. எங்களுடையது முதல் தரம். சின்ன ஊர், ஆறிலிருந்து எட்டு படுக்கை, ஒருத்தரை 24 முதல் 48 மணி நேரமாவது வென்டிலேட்டரில் வைத்துப் பார்க்கிற வசதி. படுக்கைக்கு இத்தனை சதுர அடியாவது இடம் வேண்டும் என்றிருந்தது. டேப் பிடித்து அளந்தோம். கொஞ்சம் குறைந்தது. மருந்து பீரோவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிய பிறகு ஒருவழியாகத் தேறியது. நர்ஸ் கணக்குதான் உதைத்தது. வென்டிலேட்டரில் இருக்கிற ஒருவருக்கு ஒரு நர்ஸ் இருப்பது நல்லது, எந்த நிலையிலும் மூன்று பேருக்கு இரண்டு நர்ஸுக்குக் குறையக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்களிடம் ராத்திரியில் ஆறு பேருக்கு இரண்டு பேர். நான் வாயால் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்மா" என்ற பெரிய டாக்டர், அச்சடித்த பக்கத்தை மேசையில் வைத்ததும் மூன்றாவது நர்ஸுக்குத் தலையாட்டினார். கட்டின சந்தா எனக்கு அன்றைக்கே வசூலாகிவிட்டது.

ஆனால் கட்டுவிரியனுக்கு 48 மணி நேரக் கணக்கெல்லாம் தெரியாது. தோட்டத்துச் சாளையில் தரையில் படுத்திருந்த ஒரு அம்மா, வயிற்றுவலி என்று விடியற்காலை வந்தார். கடிபட்டதே அவருக்குத் தெரியாது. இமை இரண்டும் பாதிக்கு இறங்கியிருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. விஷமுறி மருந்து ஏற்றினோம். ஆனால் கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையில் ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தை அது திருப்பாது. நரம்பு தேறும்வரை மூச்சை மிஷின்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியத்துக்குள் விரல் அசையவில்லை, கண் பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. பார்க்கிறவர்கள் மூளை செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். உள்ளே ஆளுக்கு நினைவு இருக்கும், பேசுவதெல்லாம் காதில் விழும். கோவையில் சங்கம் நடத்திய வென்டிலேட்டர் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரை ராத்திரி 2 மணிக்கு எழுப்பினேன். "அனுப்பாதீங்க, இப்படியே ஓட்டுங்க, அந்தம்மாகூடப் பேசிட்டே இருங்க" என்றார். சிஸ்டர்கள் மாடு கன்றுக்குட்டி கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஞ்சாம் நாள் குழாயை எடுத்ததும், "அந்தச் செவலக் கன்னு என்னாச்சு கண்ணு?" என்று கேட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த போன் நம்பர் இன்னும் இருக்கிறது.

மூன்றாவது விஷயத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்), பிழைக்க வழியில்லாதவரை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கேட்டால், "டாக்டர் சொல்பேச்சு கேட்காமல் கொண்டு போகிறோம்" என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஆம்புலன்சில் ஒரு நர்ஸ் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே போய், வீட்டு நடையில் குழாயை உருவிவிட்டு வருவார். அப்படி நானும் இரண்டு முறை போயிருக்கிறேன்.

2018 மார்ச் 9இல் சுப்ரீம் கோர்ட், கண்ணியமாகச் சாவதும் உரிமைதான், பிழைக்க வழியில்லாதவருக்குச் சிகிச்சையை நிறுத்தலாம் என்றது. ஆனால் சொன்ன நடைமுறையில் கலெக்டர் அமைக்கும் குழு, மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்ப்பது எல்லாம் இருந்தது. யாரால் முடியும்? இதை மாற்றச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனது இந்தச் சங்கம்தான். 2023 ஜனவரியில் நடைமுறை இளகியது. சிகிச்சை தரும் டாக்டரும், 5 வருஷமாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழு. மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கிற ஒருவரும் சேர்ந்த இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும்.

போன தை மாதம் 82 வயதுப் பெரியவர், மூளையில் பெரிய ரத்தக்கசிவு. மகன் மஞ்சள் விவசாயி. நெற்றியில் பண்ணாரிப் புற்றுமண்ணை வைத்துவிட்டு வெளியே வந்து சொன்னார்: "எங்கய்யன் உசுரு இங்க நிக்கக் கூடாதுங்க டாக்டரம்மா. வெளிய போன உசுரை ஊட்டுக்குள்ள கொண்டார மாட்டோம். வாசல்லயேதான் கெடத்தோணும்."

எல்லாரும் பணத்துக்காகத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். எந்த வழிகாட்டியிலும் இதை நான் படித்ததில்லை. குடும்பத்தை உட்கார வைத்துப் பேசினேன். ஈரோட்டிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் நிபுணர்கள் வர ஒரு பகல் போனது. இரண்டாம் குழுவின் காகிதம் வருவதற்குள் மறுநாள் விடியலில் பெரியவர் போய்விட்டார். வாசலில்தான் கிடத்தினார்கள்.

சங்கத்தின் மேல் எனக்குள்ள குறை இதுதான். சட்டத்தையே அசைத்தவர்கள், குடும்பத்தார் கையில் கொடுக்க நம் பாஷையில் ஒரு பக்கம் போட்டுத் தந்திருக்கலாம், என் கண்ணில் அப்படி எதுவும் படவில்லை. நானே ஒன்று எழுதினேன். காரியம் முடிந்து பில் பாக்கியைக் கட்ட வந்த மகனிடம், புரிகிறதா பாருங்கள் என்று கொடுத்தேன். "உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளுதல்" என்ற வரியில் நின்றார். பேனா கேட்டு வாங்கி அதை அடித்துவிட்டு, மேலே எழுதினார்: "இனி நோவு கொடுக்க வேண்டாம்."

இப்போது தாளில் அவர் வரிதான் இருக்கிறது.