அட்டர்காப் தேடினால் தெரியும், ரைட் அகராதியின் அருமை

வழக்கொழிந்த வட்டாரச் சொல்லுக்குப் பொருள் தேட, ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதிக்கு இணையில்லை. 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்ஸ்புருக் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

'அட்டர்காப்' (attercop) என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஆட்டர்' என்றால் நஞ்சு. நஞ்சுள்ள பூச்சி என்பதால் சிலந்திக்கு அந்தப் பெயர். டேனிஷ் மொழியில் இன்றும் சிலந்தி 'எடர்காப்'தான்! அகராதி இன்னும் இரண்டு பொருள் தருகிறது: சிலந்தி வலை, சிடுமூஞ்சி ஆள். சொல்லின் பின்பாதி சிலந்தி வலையைக் குறிக்கும் 'காப்வெப்' (cobweb) என்ற இன்றைய சொல்லில் உயிரோடிருக்கிறது. ஒரே சொல்லில் இவ்வளவு வரலாறு!

அகராதிப் பதிவைப் படிக்கும்போது கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பகுதிகளின்) பெயர்ச் சுருக்கங்களைத் தவறவிடாதீர்கள். 'ஒய்கேஎஸ்' (Yks.) என்பது யார்க்ஷையர். முன்னால் சிறிய 'என்' (n) எழுத்து வந்தால் அதன் வடபகுதி. சுருக்கத்தின் பக்கத்தில் மேலே ஏறி நிற்கும் எண்ணைப் பலர் பொருள் எண் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். அது எந்த வட்டாரச் சொற்கோவையிலிருந்து எடுத்தது என்பதற்கான குறி. 'ஆப்ஸ்' (Obs.) என்றிருந்தால் வழக்கொழிந்தது, 'ஆப்ஸால்' (Obsol.) என்றிருந்தால் ஒழிந்துகொண்டிருப்பது. இந்த வேறுபாடு முக்கியம்.

குறை ஒன்று உண்டு. உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்துக்கூட்டு மாறுவதால், தேடிய வடிவம் கிடைக்காமல் போகலாம். உயிரெழுத்தை மாற்றித் தேடிப் பாருங்கள். வட்டாரத்திலும் பொது ஆங்கிலத்திலும் ஒரே பொருளில் வழங்கும் சொல் இதில் இருக்காது. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குத்தான் போக வேண்டும்.