லீவில் போன இடத்தில் தாடைக் கட்டி

லீவில் ஊருக்குப் போனால் பல்லைக் கிளீன் பண்ணிக்கொண்டு வருவது என் வழக்கம். இந்த முறை பல் டாக்டர் கீழ்த்தாடையின் இடது பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு உப்பியிருக்கே, உங்களுக்குத் தெரியலையா?" என்றார். வலித்தால்தானே தெரியும்! உடனே தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே. கடைவாய்ப் பற்களுக்குக் கீழே சோப்பு நுரை மாதிரி கறுப்புக் குமிழிகள், பக்கத்துப் பல்லின் வேர்கள் கத்தியால் சீவியதுபோல் குட்டையாகிக் கிடந்தன.

அவர் அனுப்பிய இடத்தில்தான் எரிச்சல். அங்கிருந்த சர்ஜன் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஃப்ளைட் என்றைக்கு என்று கேட்டார். "நீர்க்கட்டிதான், சுரண்டி எடுத்துடலாம், நாலு நாள்ல கிளம்பிடுவீங்க." பயாப்ஸி, அதாவது ஒரு துண்டு எடுத்து லேபில் சோதிப்பது? தேவையே இல்லையாம். எக்ஸ்ரேயில் சாதாரண நீர்க்கட்டி, திரும்பத் திரும்ப வரும் கெரட்டோசிஸ்ட் என்ற நீர்க்கட்டி, அமெலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கட்டி எல்லாம் ஒரே மாதிரி தெரியலாம், வைத்தியம் மட்டும் வேறு வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது, ஆனாலும் அந்த அவசரம் பிடிக்காமல் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்துப் போனது வாய், முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு. முதலில் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தார்கள். ரத்தம் பீறிட்டு வந்தால் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், அதில் கத்தி வைப்பது ஆபத்து. அப்புறம் சிடி ஸ்கேன், மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்தது. எட்டு நாள் கழித்து ரிசல்ட்: அமெலோபிளாஸ்டோமா. கேன்சர் இல்லை, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும் ரகம். சுரண்டி மட்டும் விட்டால் திரும்ப முளைக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் கட்டியைச் சுற்றி 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பிறகும் தாடையின் அடி விளிம்பில் 1 சென்டிமீட்டர் எலும்பு மிஞ்சும் என்று சிடியில் தெரிந்ததால் தாடையை இரண்டாக வெட்டாமல் தப்பித்தேன், இல்லையென்றால் காலிலிருந்து ஃபிபுலா எலும்பை எடுத்து வைத்து டைட்டானியம் பிளேட் போடுவது வரை போயிருக்கும்.

டிக்கெட்டை மாற்றினேன், ஆபரேஷன் நடந்தது. தாடைக்குள் ஓடி உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. கீழுதட்டின் இடது பாதி மரத்தே கிடக்கிறது, தண்ணீர் வழிவது சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், அதில் குறையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரிதான் மோசம், "கட்டி அகற்றப்பட்டது" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எவ்வளவு எலும்பு எடுத்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பை இரண்டு நாள் நடந்து வாங்கினேன். சிடி ஸ்கேன் படங்களை டிஸ்க்கில் பதிந்து தந்தார்கள், சரி, கட்டித் துணுக்கைக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்லைடையும் மெழுகில் பதித்த பிளாக்கையும் கேட்டபோது லேப் கவுண்டரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்தக் கட்டி பத்து வருஷம் கழித்துக்கூடத் திரும்பலாம் என்பதால் வருஷாவருஷம் எக்ஸ்ரே உண்டு. திரும்பி வந்து இங்கே காட்டியபோது டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது ஸ்லைடைத்தான்.