யாழ். கம்பஸா, கொழும்பு டிப்ளோமாவா, நேரே பேப்பரா?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே அக்காவின் மகள் வந்து கேட்டாள்: "மாமா, எனக்கு ஊடகம்தான் படிக்கவேணும். யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் போடவா, இல்லாட்டி கொழும்பில டிப்ளோமா செய்யவா?" பக்கத்தில் இருந்த அத்தான், "படிச்சே பழகவேணும்? நேரே ஒரு பேப்பரில் சேரட்டுமே" என்றார். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால், பதினெட்டு வருடம் இந்த ஊரில் செய்தி எழுதியவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அத்தான் சொன்ன வழியை முதலில் முடித்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் பலர் அப்படி வந்தவர்கள்தான், 1959 இல் ஈழநாடு பத்திரிகை தொடங்கிய காலத்திலிருந்தே ஆசிரியரின் மேசைக்கு முன்னால் நின்று திருத்தம் வாங்கித் தொழில் பழகினார்கள். வேகம் வரும், ஆட்களைத் தெரியவரும். ஆனால் பிரதேச நிருபருக்கு இன்றும் பல இடங்களில் அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு, மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அந்த நெருக்கடிக்குள் எதையும் ஆறுதலாகப் படிக்க முடியாது. இருபது வயதுப் பிள்ளையை அதற்குள் இறக்க எனக்கு மனம் வராது.

கொழும்பு டிப்ளோமா அப்படித் தள்ளக்கூடியது அல்ல. இலங்கை இதழியல் கல்லூரியின் ஒரு வருடப் படிப்பு முழுக்கத் தொழிலை நோக்கியது: செய்தி சேகரிப்பு, ஒலி, ஒளி, படத்தொகுப்பு. அதைவிடப் பெரிய இலாபம், சிங்களப் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்து படிப்பது. பொலிஸ் அறிக்கையோ அமைச்சுச் சுற்றறிக்கையோ எத்தனை முறை சிங்களத்தில் மட்டும் கைக்கு வருகிறது, மொழிபெயர்க்க ஆள் தேடுவதற்குள் செய்தி பழசாகிவிடும். வீரகேசரி, தினகரன், தினக்குரல் எல்லாவற்றின் தலைமை அலுவலகங்களும் அங்கேதான், பயிற்சிக்குப் போய்வர வசதி. ஆனால் அறை வாடகை, சாப்பாடு, யாழ்தேவி ரயிலில் போய்வரும் செலவு எல்லாம் வீட்டின் தலையில் விழும். ஒரு வருடத்தில் செய்தியை எப்படி எழுதுவது என்று பழகலாம், எழுதப்போகும் விடயத்தைப் படித்து முடிக்க அந்த ஒரு வருடம் போதாது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. தொடக்க காலத்தில் ஒரு பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி எழுதும்போது மீண்டெழும் செலவையும் (சம்பளம் போல வருடாவருடம் வருவது) மூலதனச் செலவையும் (வீதி, கட்டடம் போன்றவற்றுக்கானது) ஒன்றாகக் கூட்டி, அவ்வளவும் வீதி திருத்த என்று போட்டுவிட்டேன். மறுநாள் பொருளியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தொலைபேசியில் எடுத்து, ஊழியர் சம்பளத்தையும் வீதிக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். திருத்தம் போட்டோம். எழுத்தில் பிழை இருக்கவில்லை, விடயம்தான் பிழை.

அதனால்தான் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்கிறேன். கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது, அதே பீடத்தில் அரசறிவியல், பொருளியல், புவியியல், சட்டம் எல்லாம் இருக்கின்றன. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தை எழுத, குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நீர் எப்படி ஓடுகிறது என்று தெரியவேண்டும். குருநகர் மீனவரோடு கதைக்கப் போகிறவர், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையைத் தடைசெய்த 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தை வாசித்திருக்கவேண்டும். இவற்றைச் சொல்லித்தரக்கூடிய ஆட்கள் ஒரு மதிலுக்குள் இருப்பதும், அதுவும் கட்டணம் இல்லாமல் கிடைப்பதும் சின்ன விடயமா? 1974 இல் இந்த வளாகம் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்த கைலாசபதியே அதற்கு முன் தினகரன் ஆசிரியராக இருந்தவர்தான்.

சரி, குறைகள். வெட்டுப்புள்ளி வந்து, அனுமதி வந்து, உள்ளே போகவே நீண்ட காத்திருப்பு. சிறப்புப் பட்டம் என்றால் நாலு வருடம், இடையில் வேலைநிறுத்தம் வந்தால் இன்னும் நீளும். அரச பல்கலைக்கழகங்களில் பொதுவாகவே பரீட்சைக்கு நோட்ஸ் பாடமாக்கி நல்ல பெறுபேறும் எடுக்கலாம், அச்சில் ஒரு செய்தி வராமலே பட்டமும் வாங்கலாம். இந்த ஆபத்தை அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சென்னையையும் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தரமான இடங்கள் உண்டு, ஆனால் அங்கே படிக்கும் ஊடகச் சட்டமும் நீதிமன்ற முறையும் இந்தியாவினுடையவை, இங்கே வந்து திரும்பப் படிக்கவேண்டும்.

அக்காவின் பயம் வேறு. 2000 இல் யாழ்ப்பாணச் செய்தியாளர் நிமலராஜன் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டதும், 2006 மே 2 அன்று உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியரைச் சுட்டதும் அவளுக்கு நேற்று நடந்ததுபோல. அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. பட்டம் இருந்தால் ஆசிரியர் தொழிலுக்கோ வேறு அரச வேலைக்கோ ஒரு வழி திறந்திருக்கும் என்பது அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆக, மருமகளுக்கு நான் சொன்னது: கம்பஸுக்குப் போ, ஆனால் முதல் வருடத்திலேயே மாதம் ஒரு செய்தியாவது ஒரு பேப்பருக்கு எழுது. பிரதேச சபை அமர்வுகளுக்குப் போய் இரு. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் போட்டுப் பார், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய பேப்பர்களை வாசி. சிங்களத்தை இப்போதே தொடங்கு. டிப்ளோமா வேண்டுமென்றால் பட்டத்துக்குப் பிறகும் செய்யலாம்.

நேற்று யாழ்ப்பாணத்தை முதல் தெரிவாகப் போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் நடக்கும் சிங்கள வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சனிக்கிழமை காலை ஏழரைக்கு.